இரண்டாவது வெயில்

கொம்பனித்தெருவில் மீற்றர் பார்க்கும் நாட்களில்
தொப்பியைக் காலையில் மேற்குப் பக்கம் சரிப்பேன்.
புதிதாய் வேலைக்கு வந்த பொடியன் சிரித்தான்.
ஒரு கிழமை கழித்து அவனும் சரித்தான்.

பள்ளிவாசலைத் தாண்டித் திரும்பும் ஒழுங்கையில்
ஒன்பது மணிக்கு மேற்கிலும் சூரியன் உதிக்கும்.
நாற்பத்திரண்டு மாடிக் கண்ணாடி
கிழக்கில் வாங்கியதை அப்படியே
தகரக் கூரைகளின் முகத்தில் எறியும்.
ஜுவைதா சல்தீன் வீட்டுப் பின் ஜன்னலுக்கு
அரிசிச் சாக்கை வெட்டித் தைத்த திரை.
"முன்வாசல்ல அல்லாஹ் தந்த வெயில்,
பின்வாசல்ல கொம்பனி தந்த வெயில்" என்றபடி
மீற்றரை மறைத்த சைக்கிளை நகர்த்துவார்.
அறுபத்தொரு யூனிற்.
இரண்டு மின்விசிறி, மூன்று பல்ப், மகளின் போன்.

மூன்று மணிக்குக் கோபுரம் மனம் மாறும்.
ஒழுங்கை முழுக்க நிழலை விரித்துவிடும்.
அதையும் எழுதத்தான் வேண்டும்,
கணக்கில் கள்ளம் கூடாது.
அந்த நிழலில் கரம் பலகை வருகிறது,
கொடியில் கிடந்த சட்டைகள்
வெளுப்பதை நிறுத்துகின்றன.
ஆனால் அவை அசைவதில்லை.
காலிமுகத்திடலிலிருந்து கிளம்பிய காற்று
கோபுரத்தின் காலடியில் இரண்டாய்ப் பிரிந்து
மூலையில் நிற்கும் ஆட்டோக்காரனின்
லொத்தர் சீட்டைப் பறித்துக்கொண்டு
வேறு எங்கோ போய்விடுகிறது.

கோபுரத்துக்குள்ளும் எனக்கு வேலை இருக்கிறது.
காவலாளியிடம் கையெழுத்துப் போட்டு
நிலக்கீழ் அறையில் வரிசை வரிசையாய் வாசிப்பேன்.
ஒரு வீட்டின் ஒரு மாதம்
ஒழுங்கையின் பாதிக்குச் சமம்.
மேலே வரவேற்பறையில் வியர்வை காய்ந்து
முதுகில் உப்புப் பூக்கும்.
அங்கே நின்றபோதுதான் பிடிபட்டது:
குளிரை யாரும் உண்டாக்கவில்லை.
உள்ளே இருந்த சூட்டைக் கழற்றி
வெளியே வைத்திருக்கிறார்கள்,
செருப்பைக் கழற்றி வைப்பதுபோல.
செருப்புகள் எல்லாம்
ஜுவைதாவின் சுவரைப் பார்த்தபடி
இரைந்துகொண்டிருக்கின்றன.

பதினாறு வருடமாய் இந்த நகரத்தை
அண்ணாந்து பார்த்தே அளக்கிறேன்.
புறக்கோட்டைக் குறுக்குத் தெருவில்
வானம் ஒரு நாடா அகலம்.
நாட்டாமிகளின் தோளுக்கு
உச்சி வெயில் கொஞ்ச நேரந்தான்.
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள்
ஒவ்வொன்றும் ஒரு மூக்குத் துவாரம்;
எட்டு மாடி எழும்பிய இடங்களில் அடைப்பு.
கறுவாத்தோட்டத்து மரங்களுக்குக் கீழே
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடிக்கலாம்,
அங்கே நாய்கள்கூட அவசரப்படாமல்தான் குரைக்கும்.

நான் கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி,
தலைக்கு நேரே வெறும் கொங்கிரீட்.
பகலெல்லாம் வாங்கிய சூட்டை
நள்ளிரவு தாண்டித்தான் அது திருப்பித் தரத் தொடங்கும்.
வட்டியும் சேர்த்து.
தவமலர் தரையில் ஈரச் சேலை விரித்துப் படுப்பாள்.
விடியுமுன் சேலை காய்ந்துவிடும்.
எழுந்து மறுபடி நனைப்பாள்.
ஒருவரோடு ஒருவர் பேசமாட்டோம்,
பேச்சும் சூடு.

இந்த மாதம் ஜுவைதா சைக்கிளை நகர்த்தவில்லை.
"போன கிழமை ராவு கரண்ட் போச்சு" என்றார்.
"எங்கட ஃபேன் நின்டுட்டு.
அங்கால ஜெனரேட்டர் போட்டுட்டாங்க.
காத்து இல்ல, அவங்கட சூடு மட்டும் வருது.
புள்ள சட்டையக் கழட்டிட்டு
சீமெந்துல உருண்டுச்சி."
என் கையைப் பிடிக்காமல் பிடித்ததுபோல
பின் சுவர் வரை கூட்டிப்போனார்.
"இந்தச் செவுருக்கும் ஒரு மீற்றர் பூட்டுங்களேன் தம்பி.
உள்ள வாரத எழுதுங்க.
யாரு பில்லுன்டு பொறவு பாப்பம்."

புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிக்கு வைப்பதுபோல.
எடுத்தேன்.

எங்கள் படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு.
கதவு பூட்டு, நாய் உண்டு,
அவ்வளவுதான் அதில் எழுதுவது வழக்கம்.
அறுபத்தெட்டு யூனிற் என்று பதிந்துவிட்டு
அந்தக் கட்டத்தில் எழுதினேன்:
சுவர் சூடு.